கறுப்புப் பட்டியலில் ஒரு திங்கட்கிழமை

மெயில் ஒழுங்காகப் போகிறவரை எங்களை யாரும் நினைப்பதில்லை. அது நின்ற நிமிஷத்தில் நினைக்காத ஆள் இல்லை. புதுக்கோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் நானும் என் கல்லூரித் தோழி மல்லிகாவும் இந்தத் தொழிலைப் பார்க்கிறோம். சுற்றுவட்டாரத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு அவரவர் பெயரிலேயே மெயில் முகவரி வைத்துக்கொடுத்துப் பராமரிப்பது எங்கள் வேலை. எல்லாருடைய மெயிலும் எங்களுடைய ஒரே சர்வர் வழியாகத்தான் வெளியே போகும். நீங்களும் அவசர மெயில் ஒன்றை அனுப்பிவிட்டு, “வரவே இல்லையே” என்ற பதிலைக் கேட்டு நொந்தவர் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

பிடிபட்ட மெயில்

அன்று காலை ஒன்பது மணிக்கு ஜெகதாப்பட்டினத்திலிருந்து காதர் பாய் போன் பண்ணினார். நண்டு ஏற்றுமதி செய்கிறவர். பினாங்கில் அவரிடம் நண்டு வாங்கும் கம்பெனிக்குத் தரச் சான்றிதழை மெயிலில் அனுப்ப வேண்டும். அங்கிருந்து சரி என்று பதில் வந்தால்தான், ஐஸ் போட்டு அடுக்கிய பெட்டிகள் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும். இரண்டு மணிக்குள் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய விமானம் இல்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் ஆகாது. பதிவு செய்த கம்பெனி முகவரியிலிருந்து வந்தால்தான் அங்கே செல்லும். அந்த மெயிலோ போகமாட்டேன் என்கிறது.

பார்த்தால், எங்கள் சர்வரின் எண் ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. குப்பை மெயில் அனுப்புகிற சர்வர்களைக் குறித்துவைக்கும் பட்டியல் அது. உலகம் பூராவும் கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் எந்த மெயிலை உள்ளே விடுவது, எதை வாசலில் நிறுத்துவது என்று முடிவு செய்கின்றன. யாரோ ஒருத்தர் செய்த தப்புக்கு எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். இதைப் பாயிடம் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். படகுகளைப் பற்றிய கவலையோடு விடிகிற ஊர் அது. அவர் கேட்டார்: “அப்ப படகைப் பிடிக்கிற மாதிரி, எல்லை தாண்டிருச்சுன்னு மெயிலையும் பிடிச்சு வச்சிருக்காய்ங்களா, தங்கச்சி?”

அனைவரும் வருக

சர்வரின் பதிவுகளைப் புரட்டி மல்லிகா ஆளைக் கண்டுபிடித்தாள். திருவரங்குளத்தில் சிமெண்ட் குழாய் ஏஜென்சி வைத்திருக்கும் சிதம்பரம் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து, மகள் கல்யாணப் பத்திரிகையைக் கம்பெனி மெயிலில் இருந்த முகவரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பியிருக்கிறார். மூவாயிரத்துக்கு மேல். என்றைக்கோ குழாய் விலை கேட்டவர், வேலைக்கு மனுப் போட்டவர், மூடிப்போன கம்பெனி என்று எதையும் விடவில்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? குப்பை என்று குறித்துவிட்டார்கள்.

சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போன் பண்ணினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாப்பிள்ளையின் வேலை, மண்டபம், சமையல்காரர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஐந்து வருஷமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்த கல்யாணமாம். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபிறகு எப்படித் திட்டுவது? இனிமேல் மொத்தமாக அனுப்ப வேண்டாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். “நீ சொல்றது சரிதாம்மா. மெயில்ல கூப்பிட்டா மரியாதையா இருக்காது. ஒனக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்கிறேன்.”

சகாயம் சாரின் கோரிக்கை

பத்து மணிக்கு மேல் போன் ஓயவில்லை. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டியது. ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கும் சகாயம் சாருக்கு மட்டும் கோபமே இல்லை. ஏதோ ஒரு மேலிடத்துக்கு அன்று மத்தியானத்துக்குள் அவர் அனுப்ப வேண்டிய விவரம் ஒன்று இருந்ததாம். அதை இன்னும் தொடவே இல்லையாம். எப்போது சரியாகும் என்று கேட்டார். சீக்கிரம் சரியாகிவிடும் என்றதும் குரல் இறங்கிவிட்டது. “அவசரமே இல்லம்மா. மெதுவாப் பாருங்க. நம்ம கறுப்புப் பட்டியல்ல இருக்கோம்னு மட்டும் சீல் வச்சு ஒரு லெட்டர் குடுத்துருங்க.”

நாலு வரி

பட்டியலில் ஏற்றியவர்களுக்கு எழுதிக் கேட்டால்தான் இறக்குவார்கள். மல்லிகா ஒன்றரைப் பக்கத்துக்கு மன்னிப்பு எழுதினாள். படித்தால் நாங்கள் எதையோ மறைப்பது போலவே இருந்தது. அந்தப் பக்கம் ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. அவளை நகரச் சொல்லிவிட்டு, நடந்ததை அப்படியே நாலு வரி எழுதினேன்: ஒரு தகப்பனார் மகள் கல்யாணச் சந்தோஷத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் அழைத்துவிட்டார், இனி மணிக்கு இத்தனை மெயில்தான் என்று கட்டுப்பாடு போட்டுவிட்டோம், மற்றவர்கள் மேல் தப்பில்லை, விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. காதர் பாய் வண்டிக்குள் டிரைவரை உட்காரவைத்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது. எங்கேயோ ஒரு நாட்டில், பெயர் தெரியாத ஒருத்தர், இயந்திரம் தானாக அனுப்பும் பதிலாக இல்லாமல், தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம், மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள். நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். மல்லிகா அதை இரண்டு தடவை படித்தாள். “மூவாயிரம் பேருக்குப் பத்திரிகை அனுப்புனாரு மனுசன். வாழ்த்துச் சொன்னது இவுக ஒருத்தர்தான்.”

பினாங்கு போன்

ஒன்றரைக்குப் பாயின் மெயில் வாசல் தாண்டியது. சரி என்ற பதில் வந்து, இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. நாங்கள் இருவரும் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாம்பார் சாதத்தை விருந்து மாதிரிச் சாப்பிட்டோம்.

பாதிச் சாப்பாட்டில், பாயிடம் எங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு பினாங்குக் கம்பெனியிலிருந்தே போன். பேசியது அங்கே வேலை பார்க்கும் கமலா என்ற தமிழ்ப் பெண். என்ன விஷயம் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, காதர் பாய் பதற்றத்தில் காலையிலிருந்து அனுப்பும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனையும் எங்கள் சர்வரில் வரிசையில் நின்று, தடை நீங்கியதும் ஒட்டுமொத்தமாகப் போய் இறங்கியிருக்கிறது. கமலா கோபப்படாமல், அலுவலகத் தொனியில் சொன்னார்: “சர்டிபிகேட் வந்துருச்சுங்க. பதினேழு வந்துருச்சு. பதினெட்டாவது வந்தா நாங்களே உங்களை பிளாக் பண்ணிருவோம்.”

மெயில் போகவில்லை என்று வரும் போனுக்கு நூறு பதில் கைவசம் வைத்திருக்கிறேன். மெயில் வந்துவிட்டது என்று வரும் போனுக்கு என்ன சொல்வதென்றுதான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.