கற்பூரம் அணைத்த கை

பிரதேச சபைக்குத் தெரிவான எங்கள் கட்சிக்காரர் எவரும் மற்றப் பக்கம் தாவிவிடக்கூடாது என்று, பதவியேற்ற கையோடு எல்லாரையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம். நானோ மெதடிஸ்த ஆள்.

"உங்களுக்கு வேணாம் அண்ணன், வேதத்தில தொட்டுச் சொன்னாக் காணும்" என்றார் அமைப்பாளர்.

விடுவேனா? ஒற்றுமை பற்றி மேடையில் முழங்கியவன் நான்தானே. மற்றவர்கள் பழகின கை. பட்டதும் படாததுமாக அணைத்தார்கள். நான் கோழியை அமத்துவதுபோல அமத்திப் பிடித்தேன். உள்ளங்கை வெந்து கொப்புளம்.

கொப்புளம் ஆறித் தழும்பாகியபோது வரவு செலவுத் திட்டம் வந்தது. எதிர்க்கச் சொன்னது கட்சி. ஆனால் அந்தத் திட்டத்தில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மதகு கட்டக் காசு ஒதுக்கியிருந்தது. மாரியில் வாவித் தண்ணீர் ஏறினால் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கை. "ஆதரிப்போர் கை உயர்த்துங்கள்" என்றார் தவிசாளர். அதே கை உயர்ந்தது. முகநூலில் வந்த படத்தில் தழும்பும் தெளிவு. திட்டம் ஒரு வாக்கால் நிறைவேறியது.

கட்சி விளக்கம் கேட்டது, விசாரணையும் வைத்தது. மனைவிக்குப் பயம் அம்மனில். எனக்குக் கட்சிச் செயலாளரில். டவுனில் லோயரிடம் போய்க் கையை நீட்டினேன்.

"நானென்ன கைரேகை பாக்கிற சாத்திரியா? கற்பூரத்துக்குச் சட்டத்தில இடமில்ல. கட்சி நீக்கினா ஆசனம் போகும். விசாரணை ஒழுங்கா நடக்காட்டி கோட்டுக்குப் போகலாம்."

"ஒழுங்காத்தான் நடந்தது சேர். தேத்தண்ணியும் தந்தாங்க."

"அப்ப கஷ்டம்தான்."

மறுகா அன்றிலிருந்து, படலையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே கட்சிக் கடிதமோ என்று எட்டிப் பார்த்தேன். மதகு முடியும் மட்டுமாவது ஆசனம் தங்கட்டும் என்று, குழாய் பதிக்கிறவர்களின் தலைமாட்டிலேயே நின்றேன்.

"மழைக்கு முதல் முடிப்பம், மெம்பர். பயப்படாதீங்க."

"மழைக்கா பயப்படுறன்?"

முடித்தார்கள். மழையும் கொட்டியது. அடுத்தநாள் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே படலைக்கு வந்தார்.

"இந்த மாரிக்குத்தான் மெம்பர், கால் நனையாம வர ஏலுமாயிருக்கு. நல்ல வேலை செஞ்சிருக்கிறீங்க. பதிவுத் தபால், ஒரு ஒப்பம் வையுங்க."

வைத்தேன். பிரித்தேன். கட்சியிலிருந்து நீக்கம்.

முந்திய மாரிகளில், தண்ணீர் வடியும்வரை எங்கள் ஒழுங்கைக் கடிதமெல்லாம் தபால் கந்தோரிலேயே கிடக்கும்.