ஐஸ் பெட்டி அடித்தது உண்மை

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி ஷாக் அடித்தது. நாற்பது வருடமாக நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். உரக்கச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சே வராது. கல்யாண வீடுகளில் சித்தப்பா மகன், “ஷாக் அண்ணே வந்துட்டாரு, யாரும் கை குடுக்காதீங்க லா” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பான். நான் பேசாமல் பந்திப் பக்கம் போய்விடுவேன். போய்விட்டால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

அப்போது நாங்கள் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் குடியிருந்தோம். நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மூடப்போகும் சீனர் காப்பிக் கடை ஒன்றிலிருந்து சித்தப்பாதான் அந்தப் பெட்டியைப் பேசி முடித்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் முன்பக்கம் ஆள் உட்காரும் இடத்தில் அதை நிற்கவைத்துக் கட்டினார்கள். பின்னால் மிதிப்பவருக்குச் சாலை தெரியவில்லை. அதனால் சித்தப்பா முன்னால் நடந்து, வலப்பக்கம், இடப்பக்கம் என்று கத்திக்கொண்டே வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது.

சித்தப்பா ஆறு மாதம் ஒரு ஒயர்மேனுக்குக் கையாளாக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் முடிவு. சுவரில் இருந்த பழைய பிளக்கில் இரண்டு ஓட்டை. பெட்டியின் வயரிலோ மூன்று கம்பி. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சைக் கம்பியைக் கத்தரித்து, மடித்து, டேப் சுற்றினார். அது எதற்கு என்று கேட்டேன்.

“அது சும்மா அழகுக்குப் போட்டது, தம்பி.”

மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்து தண்ணீர் எடுக்கப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். ஏதோ கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை எறும்புக் கூட்டம் ஓடியது. காசை வாயில் போட்டுச் சப்பியதுபோல் நாக்கில் ஒரு ருசி. அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். அம்மா என் கையைத் தேய்த்துவிட்டாள். பெட்டியைத் துண்டால் பிடித்துத் திற என்று மட்டும் சொன்னாள். அவளும் எப்போதும் தோளில் கிடக்கும் துண்டைச் சுற்றித்தான் அந்தக் கைப்பிடியைத் தொடுவாள். கேட்டால், கை ஈரம் என்பாள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். குதிகால் இரண்டும் வெடித்திருந்ததால், வீட்டுக்குள் ரப்பர் சிலிப்பர் போட அவருக்கு மட்டும் அனுமதி இருந்தது. மற்றவர்களின் சிலிப்பர்கள் வாசலைத் தாண்டி வரக்கூடாது. அப்பா சிலிப்பரோடு போய்ப் பெட்டியின் முதுகில் நாலு தட்டுத் தட்டினார்.

“எங்கடா அடிக்குது? அடிக்கச் சொல்லு பாப்போம்.”

பெட்டி அவரை அடிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு, தனக்கு ஒன்றும் அடிக்கவில்லை என்றாள். அன்று முதல் நான் வீட்டில் பொய்யன்.

ஒருநாள் அப்பா குளிக்கப் போனபோது அவருடைய சிலிப்பரைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. கழற்றிவிட்டுத் தொட்டேன். அடித்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஈரத் தலையோடு வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பொய் சொன்னதற்கு இல்லையாம், சிலிப்பரைத் தொட்டதற்காம்.

அதற்குள் அம்மா அந்தப் பெட்டியில் ஒரு தொழிலே தொடங்கியிருந்தாள். சிவப்புச் சிரப்பைத் தண்ணீரில் கலந்து, நீளமான பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி உறைய வைப்பாள். மதியம் தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், பள்ளிவாசல் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பின்வாசலில் வந்து நிற்பார்கள். அந்த வருடம் அக்கா காலில் போட்டுப் போகும் பள்ளிச் சப்பாத்தை அம்மாவே வாங்கினாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பா அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் இயந்திரம் என்று சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்குப் பூமாலை. முன்னால் வாழையிலை, பொரி, சுண்டல், என் புத்தகப் பை. சித்தப்பா தம் டெஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். மின்சாரம் இருந்தால் பளிச்சென்று எரியுமே, அந்தக் கருவி. அதற்கும் பொட்டு வைத்தோம். அதை எடுத்துப் பெட்டியில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பா குளித்து, ஈர வேட்டியோடு, பூசை என்பதால் வெறுங்காலோடு வந்தார். அவர் காலைப் பார்த்தேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனை தடவைதான் சொல்வது? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றும் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா மூன்று விரலால் சந்தனத்தைத் தொட்டுப் பெட்டியின் கதவில் இழுத்தார். அடுத்த நொடி சந்தனக் கிண்ணம் எதிர்ச் சுவரில் மோதி உருண்டது. அப்பா பொரிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப யாருப்பா பொய்யன்?” என்றேன். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

அப்பா என்னை அடிக்கவில்லை. எழுந்து, கையை உதறிக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்தார். “இத இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடு. என் வீட்ல இருக்கக் கூடாது.”

அம்மா சூடத் தட்டைக் கீழே வைத்தாள். துண்டு தோளிலேயே கிடந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து போய், வலது கையால் அந்தக் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

“எனக்கு ஒன்னும் அடிக்கலையே. தரை ஈரங்க, வழுக்கிட்டீங்க.”

சொல்லிவிட்டும் அவள் கையை எடுக்கவில்லை. அவள் அசையவே இல்லை. கண்ணாடி வளையல்கள் மட்டும் ஒன்றோடொன்று மெல்ல மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா, தாம் போட்ட ஒயரிங் அப்படியெல்லாம் அடிக்காது என்று சிரித்தார். அப்பா அம்மாவையே வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றார்.

“பொய் சொல்றீங்கம்மா” என்றேன்.

என்னை வெளியே போகச் சொன்னாள்.

மறுவாரம் அப்பா, சித்தப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நல்ல ஒயர்மேனைக் கூட்டி வந்தார். பெட்டியின் பின்னாலிருந்து புதிதாக ஒரு பச்சைக் கம்பி கிளம்பி, சுவரோரமாகப் போய் மண்ணுக்குள் இறங்கியது. அதன்பின் பெட்டி யாரையும் அடிக்கவில்லை. அந்தக் கம்பி ஏன் வந்தது என்றும் யாரும் பேசவில்லை. அடிக்காத பெட்டிமேல் பழி போட்டவனாக நான் மட்டும் மிஞ்சினேன்.

பூசை அன்று மாலை வரை நான் கடை முன்னால் அஞ்சடியில், அந்தக் கூரை போட்ட நடைபாதையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சுண்டல் தின்னவில்லை. அக்கா வந்து கூப்பிட்டாள், போகவில்லை. கடைசியில் அம்மாவே வந்து ஒரு சிரப் ஐஸை நீட்டினாள். இடது கையால் நீட்டினாள். யாருக்கும் எதையும் இடது கையால் கொடுக்கக்கூடாது என்று எங்களை அடித்துப் பழக்கியவள் அவள். வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள்.

என்மேல் அவ்வளவு கோபமா என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஐஸைத் தூணோரம் வைத்துவிட்டுப் போனாள். அது முழுவதும் கரைந்து பைக்குள் சிவப்புத் தண்ணீராகும் வரை நான் அதைத் தொடவில்லை.