கட்டிலில் படுத்திருந்த மான்

வேப்பம்பட்டில் எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதி, வரவேற்பறைச் சுவரில் ஒரு மான் தலையை மாட்டியிருக்கிறார்கள். ஃபைபராம், ஆன்லைனில் வாங்கியதாம். பால் காய்ச்சிய அன்று எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் எக்கி நின்று அந்த மானின் கழுத்தை மோந்து பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! புது பிளாஸ்டிக் வாசனைதான் அடித்தது. நான் தேடியது வேறு. அந்துருண்டையும் படிகாரமும் பழைய வைக்கோலும் கலந்த நெடி அது. எஸ்தர் வீட்டு நெடி.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பேட்டரி கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் நானும் எஸ்தரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவள் வீடு புதுவாயலில், ரோட்டை ஒட்டி. "எங்க நைனா முன்னாடி பாடம் பண்ணிகினு இருந்தாரு" என்று அவள் சொன்னபோது, அவள் அப்பா ரொம்பப் படித்த மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது பயபக்தியோடு வணக்கம்கூட வைத்தேன். சுவரில் புள்ளிமான் ஒன்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. அதன் ஒரு கொம்பில் எஸ்தரின் குடை, இன்னொன்றில் அவள் தம்பியின் ஸ்கூல் பை. அப்புறம்தான் எனக்கு விளங்கியது, இது அந்தப் பாடம் இல்லை என்று.

ஆந்திர எல்லை மலைக்காடுகளில் மான் சுட வருகிறவர்கள், திரும்பும் வழியில் எஸ்தரின் நைனாவிடம் ஜீப்பை நிறுத்துவார்களாம். அவர் தோலை உரித்து, படிகாரமும் உப்பும் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்து, கண்ணாடிக் கண் வைத்து, உயிருள்ளது போலாக்கித் தருவார். வேட்டை கூடாது என்று சட்டம் வந்ததும் அதை விட்டுவிட்டு, ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்குப் போய்விட்டார். இந்த ஒரு தலையைக் கொடுத்துவிட்டுப் போனவர் மட்டும் திரும்பி வரவே இல்லை. "அடுத்தவன் பொருளு. வந்து கேட்டா இன்னா சொல்றது?" என்று நைனா அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

எஸ்தருக்கு ஒரு நல்ல வரன் வந்தது. பையன் பெயர் சாமுவேல், லேத் பட்டறையில் வேலை. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள்தான் தெரிந்தது, அவனுடைய அண்ணன் வனத்துறையில் கார்டு என்று. வீடே ஆடிப்போய்விட்டது. மான் தலையைப் பரணில் வைத்தால் கொம்பு இடிக்கிறது. கட்டிலுக்கடியில் போகவில்லை. கடைசியில் எஸ்தரின் அம்மா அதை உள்ளறைக் கட்டிலில் கிடத்தி, தலையணைகளை அண்டக் கொடுத்து, கம்பளியால் மூடினார். "யாருனா கேட்டா, சொந்தக்காரங்களுக்கு ஜொரம்னு சொல்லு" என்று என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். தலைவாரிவிடப் போன நான் மானுக்கு நர்ஸாகிவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது. கார்டு அண்ணன் நைனாவைக் கேட்டார்: "செக்யூரிட்டிக்கு முன்னாடி இன்னா வேலை பாத்துகினு இருந்தீங்க?"

நைனா கொஞ்சம் தடுமாறினார். "ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான் இருந்தேன்."

காப்பித் தட்டை மேசைமேல் வைக்கிற சத்தம். பிறகு எஸ்தரின் குரல்.

"எங்க நைனா சும்மா இல்ல சார். மான் பாடம் பண்ணிகினு இருந்தாரு. அதுலதான் எங்கள வளத்தாரு. கெவர்மெண்டு கூடாதுன்னுச்சி, உட்டுட்டாரு. கடசியா பண்ணது உள்ள கீது. இத மறச்சிட்டு நான் உங்க ஊட்டுக்கு வர மாட்டேன்."

திரை விலகியது. கார்டு அண்ணன் என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். நான் கம்பளியை இழுத்தேன். மான் தலையணையில் சாய்ந்து அவரையே பார்த்தது.

"இத வெச்சிருக்கிறது கேஸு, தெரியுமா?"

நைனா அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். தலையைக் கொடுத்தவர் வராத கதையைச் சொன்னார். வெளியே பையனின் அம்மா, "எழுந்திரு சாமு, போலாம். இது பேஜாரு புடிச்ச எடமா இருக்குது" என்றார். அதுவரை வாயே திறக்காத சாமுவேல் சொன்னான்: "காப்பிய குடிச்சிட்டுப் போலாம்மா. ஆறிடும்."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் எஸ்தர் உள்ளே வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் முடிவானது அந்தக் காப்பியில்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் கார்டு அண்ணனே கூட வர, மான் தலையைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துப்போய் வனத்துறை ஆபீசில் ஒப்படைத்தோம். அதிகாரி நைனாவைக் கொஞ்சம் அதட்டினார், விட்டுவிட்டார். அங்கே ஒருவர் மானின் காதைப் பிடித்துத் தூக்கப் போனபோதுதான் நைனா வாய் திறந்தார். "காது வாணாம் சார், ஒடிஞ்சிடும். கழுத்த புடிங்க." அதை எரித்துவிடுவார்கள் என்று வழியிலேயே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வெறும் சாக்கை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி எஸ்தர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய்விட்டாள். சாமுவேல் அங்கே சொந்தமாகப் பட்டறை போட்டான். நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். புதுவாயல் வீடு ரோடு அகலப்படுத்தியதில் போயிற்று. அந்த இடத்தில் பாலம் வந்த பிறகு எஸ்தர் ஒருமுறை வந்தாள். முட்டிவலியோடு இரண்டு கிழவிகளும் லாரிப் புழுதியில் நின்று, வாசல் எந்த இடம் என்று சண்டை போட்டோம். பாலத்துத் தூணுக்கடியில் என்றாள் அவள். இல்லை, பங்க்சர் கடைக்கு முன்னால் என்றேன் நான். "எங்கம்மா ஊடு உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா?" என்று கத்தினாள். பங்க்சர் கடைக்காரப் பையன் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு இருமல் வந்துவிட்டது.

போன வருஷம் எஸ்தரும் போய்விட்டாள். இப்போதும் எப்போதாவது பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறேன். இல்லையென்று சொல்ல ஆளில்லை. நான் காட்டுகிற இடமெல்லாம் அவள் வாசல்தான்.