தொந்தரவு கொடுக்காத நோயாளி

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் எங்கள் அம்மாவைப் பார்க்கிறவர்கள், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கீமோவில் முடி கொட்டிய தலையைப் புடவைக்குப் பொருத்தமான நிறத்துத் துணியால் சுற்றிக்கொள்வாள். புருவம் உதிர்ந்த இடத்தில் மை தீட்டுவாள். பவுடர் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

"எதுக்கும்மா இவ்ளோ? உடம்பு சரியில்லன்னுதான போறோம்?"

"கலீஜா போய் நின்னா கலீஜாதான் பாப்பாங்க நைனா. நீ மொதல்ல சட்டைய உள்ள வுடு."

அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வார்: "உன்னயும் என்னயும் பக்கத்துல நிக்க வெச்சா, டாக்டரு எனக்குத்தான் ஊசி போடுவாங்க."

அம்மாவுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, வாராவாரம் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவன் நான்தான் என்பதால் டாக்டரிடம் பேசுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கும் நான், அந்த ஒரு நாளுக்கு மட்டும் லீவு போட்டுவிடுவேன். ஆனால் அம்மா பேச விட்டால்தானே?

ராயபுரத்தில் எங்களுக்கு ஓர் அத்தோ தள்ளுவண்டி இருக்கிறது. அத்தோ என்றால் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரவேண்டும். ஷிப்ட் முடிந்து கூட்டம் வண்டியை மொய்க்கும் நேரத்தில், அம்மாவுக்கு ஒரே ஒருவகை ஆளைத்தான் பிடிக்காது. 'இதுல இன்னா போடுவீங்க, அது காரமா இருக்குமா' என்று நின்று விசாரிக்கிறவர். "கேட்டமா, துன்னமா, போனமான்னு இருக்கணும். பின்னால பத்து பேரு நிக்கிறான்ல" என்பாள்.

அந்தச் சட்டத்தை அவள் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்விட்டாள். அங்கே கூட்டம் எங்கள் வண்டிக் கூட்டமா? பெஞ்சில் இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்பார்கள், தரையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒரே ஒரு டாக்டர். சின்ன வயசுப் பெண். மேசை ஓரத்தில் அவருடைய டீ எப்போதும் ஆடை கட்டிப் போயிருக்கும். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா "சூப்பரா கீறேன் டாக்டரம்மா" என்பாள். அடுத்த மூச்சில் எழுந்தும்விடுவாள். வெளியே வந்து, "பாவம் அந்தப் பொண்ணு, சோறு துன்னுச்சோ இல்லியோ. நம்ம வேற பேஜாரு பண்ணணுமா?" என்று கேட்பாள். நல்ல நோயாளி என்ற பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

ஒரு சாயங்காலம், "சும்மா குந்திகினு இருக்கேன்" என்று சத்தியம் செய்துவிட்டு வண்டிக்கு வந்தாள். அப்பா சில்லறைக்குத் திரும்பிய நேரத்தில், கொதிக்கிற தண்ணீரிலிருந்து முட்டையை வெறுங்கையால் எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மறுநாள் விரல் நுனிகளில் கொப்புளம்.

"சுடலயாம்மா?"

"மரத்துப் போய்கீது. ரொம்ப நாளாவே அப்டித்தான். கத்தாத, உங்கப்பனுக்குக் கேக்கும்."

போனில் தேடினேன். மருந்தின் பக்க விளைவு, விரல் நரம்புகளைப் பாதிக்கிறது, டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று போட்டிருந்தது. நியூரோபதி என்ற வார்த்தையைப் பல முறை சொல்லிப் பழகிக்கொண்டேன். அம்மா அதைக் கேட்டுவிட்டாள்.

"இத சொன்னா இன்னா பண்ணுவாங்க? மருந்த நிறுத்துவாங்க. நிறுத்தினா? கட்டி மறுபடி வந்து குந்திக்கும். வெரலு போனா போவுது. உயிரு வோணும்ல?"

இதுதான் அவள் கணக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கையால் பிசைந்து பிழைத்தவள், கையைக் கொடுத்து உயிரை வாங்கிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறாள். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரம் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் செருப்பின் மேல் அம்மாவின் பாதம் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"சூப்பரா கீறேன்மா."

"மேடம், அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். கால் விரல் நசுங்கியது. அதே நேரம் டாக்டரின் போன் அடித்தது. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே எழுந்து நின்றார்.

"அம்மா, ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. வார்டுக்கு ஓடணும். இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பட்டன் போட்டு விடுறீங்களா?"

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். உடம்பைப் பற்றிக் கேட்டால் மழுப்புவாள். உதவி கேட்டால் மறுத்ததே கிடையாது. "இன்னாமா நீ, இத்துக்குப் போயி" என்றபடி எழுந்து முதல் பட்டனைப் பிடித்தாள். அது வழுக்கியது. மறுபடி பிடித்தாள். பட்டன் விரலில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஓட்டையைத் தேடி இன்னொரு கை தடுமாறியது. "புதுக் கோட்டா? ஓட்ட சின்னதா கீது" என்று சிரித்துச் சமாளித்தாள்.

டாக்டர் போனை எப்போது வைத்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. அவர் குனிந்து அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா மரத்துப் போயிருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அவர் சொல்லல. இந்த மருந்து சில வாரம் போனதும் எல்லார்கிட்டயும் நான் பட்டன் போடச் சொல்லுவேன். கேட்டா ஒருத்தரும் சொல்றதில்ல."

"வார்டுக்கு ஓடணும்னியே?"

"ஓடலாம். நீங்க உக்காருங்க."

"வேணாம்மா, வெளிய எம்மாங் கூட்டம் கீது. நான் அப்பாலிக்கா வந்து சொல்றேன்."

"உங்களுக்கு என்ன தொழில்?"

"அத்தோ கடைம்மா."

"கூட்டம் நிக்குதுன்னு முன்னாடி இருக்கிறவருக்கு உப்பு போடாம கொடுத்து அனுப்பிடுவீங்களா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "மருந்த கொறச்சா நோவு திரும்பி வந்துடாதாம்மா?"

டாக்டர் கொப்புளம் காய்ந்த விரல்களைத் தன் கையில் வாங்கி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே பேசினார். இந்த வாரம் மருந்து வேண்டாம். அடுத்த வாரம் பார்த்துவிட்டு அளவைக் குறைக்கலாம், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றலாம். சிகிச்சையை நிறுத்தப்போவதில்லை. "கொஞ்சம் குறைக்கிறதால நோய் வந்துடும்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. அதைப் பார்த்துக்க நான் இருக்கேன். ஆனா மரப்பை இப்படியே விட்டா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பவில்லை.

நான் பழகி வைத்திருந்த நியூரோபதி கடைசிவரை தேவைப்படவேயில்லை.

அளவு குறைந்தது. சில வாரங்களில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது. மற்ற விரல்கள் இன்னும் பாதி தூக்கத்தில்தான் இருக்கின்றன. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

மாறிப்போனது அம்மா. பவுடர் அப்படியேதான். ஆனால் போன முறை உள்ளே போய் உட்கார்ந்ததும், டாக்டர் வாய் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். நாக்கில் ருசியில்லை. பாதம் எரிகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. தனியாக இருக்கும்போது பயமாக இருக்கிறது, வீட்டில் சொன்னால் எல்லோரும் சேர்ந்து பயப்படுவார்களே என்றுதான் சொல்லவில்லை. அதை நானும் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். டாக்டர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினார். "அம்மா, முடிஞ்சுதா? அடுத்த ஆளு நிக்குறாங்க."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்த நிக்கச் சொல்லுமா. நாங்க பேசிகினு கீறோம்ல."