ஃபேஸ் பேக் காய்வதற்குள்

எங்கள் வீட்டுக்கு ஒதுக்கியிருந்த மூளை மொத்தத்தையும் அக்கா எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள். அடுத்து நான் வந்தபோது மிச்சம் இருந்தது வாயும் சேட்டையும்தான். அவளுக்குத் தெரு வைத்த பெயர் கலெக்டர். எனக்கு வாலு. அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டுவிட்டு, ஒரு பியூட்டி பார்லரில் புருவம் திருத்தப் பழகிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் கலெக்டர் ஒரு இடத்தில் உட்காரவே இல்லை. அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டாள். நகங்களைக் கடித்து முடித்துவிட்டு விரல் ஓரத்துத் தோலுக்கு வந்திருந்தாள்.

"உக்காருக்கா. தரை தேஞ்சா வீட்டுக்காரர் நம்மளத்தான் கேப்பாரு."

வழக்கமாக இதற்கு ஒரு செருப்பாவது பறந்து வரும். அன்று ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

விஷயம் இதுதான். இரண்டு கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று ஊருக்கு வெளியே பளபளவென்று நிற்கும் கண்ணாடிக் கட்டடம். மதிப்பெண்ணைப் பார்த்துப் பாதி ஃபீஸைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். இன்னொன்று பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அரசுக் கல்லூரி. அங்கே ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதும் அப்பாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. "இவ்ளோ கம்மியா வாங்குறவன் என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறான்?" சனிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவர் தண்ணீர் ஊற்றும் தெருக்களில் எல்லாம், டிரம் நிறைவதற்குள் கண்ணாடிக் கல்லூரிக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றும் வாங்கி வந்து, கூடத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடமாகப் பார்த்து வைத்திருந்தார்.

அந்தக் கல்லூரியைப் பார்க்க நாங்கள் மூவரும் போயிருந்தோம். டை கட்டிய அதிகாரி எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டு, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். தரை அவளுடைய முகத்தையே அவளுக்குக் காட்டியது. "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். நான் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார். "பெரிய இடத்துல போய்க் காசு காசுன்னு பேசினா நல்லாவா இருக்கும்?"

அக்கா தலையாட்டினாள். ஆனால் அந்த நாளிலிருந்துதான் அவள் உட்காரவில்லை. அவர்கள் கொடுத்த தாளில், தள்ளுபடிக்குக் கீழே 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. என்ன நிபந்தனை என்று எழுதவில்லை.

"ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றேன்.

போட்டாள். அந்தப் பக்கம் "வணக்கம்" என்றதும் வைத்துவிட்டாள்.

"என்னன்னு கேக்கறது? வணக்கம், எங்ககிட்ட காசு இல்லன்னு ஆரம்பிக்கறதா?"

"நான் வேணா அப்பா குரல்ல பேசட்டுமா?"

"நீ பேசினா இருக்கற சீட்டும் போயிரும்."

எந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறவளுக்கு ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. அந்தக் கேள்வியைப் பார்லரில் கேட்பது என்று நான் முடிவு செய்தேன்.

புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் இமையை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணும் கையும் இப்படி மாட்டிக்கொண்டால் மனிதர்களுக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு சிக்கல், வாயில் நூலோடு நான் பேச முடியாது. ஒரு புருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

கண்ணாடிக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு அக்கா எங்களிடம் வருவார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கலெக்டரை இழுத்துக்கொண்டு போனேன்.

"மேடம் என்னை ஃபேஸ் பேக் போட்டுப் பழகச் சொன்னாங்க. ஒரு முகம் வேணும்."

மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்தார். அக்காவைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, களிமண்ணைக் குழைத்து முகம் முழுக்க அப்பி, கண்ணில் வெள்ளரித் துண்டுகளை வைத்தேன்.

"காயற வரைக்கும் வாயத் திறக்காத. திறந்தா அப்படியே சுருக்கம் விழுந்துரும்."

அந்த வாரத்தில் அவள் அசையாமல் இருந்தது அப்போதுதான். அப்போதும் கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வருடத்து அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். வலது புருவத்தை முடித்தேன். நூலை வாயிலிருந்து எடுத்தேன்.

"எங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுக்கு உங்க காலேஜ்ல பாதி ஃபீஸ் தள்ளுபடி குடுத்திருக்காங்கக்கா."

அவர் சிரித்தார். "எனக்கும்தான் குடுத்தாங்க."

"இப்ப?"

"இப்ப முழுசாக் கட்டறோம். மார்க் ஒரு கோட்டுக்குக் கீழ போகக் கூடாதாம். ஒரு செமஸ்டர் ஜுரத்தோட எழுதினேன், வழுக்கிருச்சு."

அடுத்த கேள்வி எனக்குத் தயாராக இருந்தது. ஆனால் பழக்க தோஷத்தில் நூலைப் பல்லில் கடித்து இடது புருவத்தைத் தொடங்கிவிட்டேன்.

"திரும்பக் கிடைக்குமா?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். அக்காவின் முகத்தில் மோவாயிலிருந்து காது வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"கிடைக்காது" என்றார் அவர். பிறகுதான், "யாரும்மா அது?" என்றார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளரித் துண்டுகள் மடியில் விழுந்தன. "ஹாஸ்டலுக்கும் தள்ளுபடி உண்டா? சாப்பாட்டுக்கு? வருஷா வருஷம் ஏத்துவாங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் கன்னத்திலிருந்து ஒரு சில்லு உதிர்ந்தது. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு பதிலும் நன்றாக இல்லை.

"நீங்க சேரும்போதே ஏன்க்கா இதெல்லாம் கேக்கல?" என்றாள் கலெக்டர்.

"கேட்டா நம்ம வீட்டு நெலம தெரிஞ்சிடுமேன்னுதான். இப்ப ஃபீஸுக்கு டைம் கேட்டுக் கேட்டு, ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

அந்தப் பதற்றத்தில் இடது புருவத்தில் இரண்டு முடி கூடுதலாகப் போய்விட்டது. அவர் இன்னும் கவனிக்கவில்லை என்று நம்புகிறேன்.

அக்கா உடைந்த முகத்தோடு என் போனை வாங்கினாள். கண்ணாடிக் கல்லூரியில், "உங்க கேள்விய மேலிடத்துக்கு அனுப்பறோம் மேடம்" என்றார்கள். அரசுக் கல்லூரியில் ஒருவர் கொட்டாவி விட்டபடி எடுத்தார். லேபில் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், வாத்தியார்கள் ஒழுங்காக வருகிறார்களா, நூலகம் எதுவரை திறந்திருக்கும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். மூன்றாவது கேள்வியில் அவருடைய கொட்டாவி நின்றுவிட்டது.

"லேப் கொஞ்சம் பழசும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாத்தியாருங்க வருவாங்க. இன்னும் கேளு, கேக்கறதுக்குத்தான இங்க ஒக்காந்திருக்கேன்."

முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் தெருவுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அப்பா எங்கள் தெருமுனையில் குழாயைப் பிடித்து ஒரு டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். டிரம் வழிய ஆரம்பித்தது. அப்பா தண்ணீரைச் சிந்தி நான் அதுவரை பார்த்ததில்லை.

"எல்லாத் தெருவுலயும் சொல்லிட்டேனேம்மா."

"நாளைக்கு எனக்கு ஜுரம் வந்து மார்க் குறைஞ்சா என்ன பண்ணுவீங்கப்பா? லாரிய விப்பீங்களா?"

"லாரி என்னுதா?"

"அதான்."

அவர் வால்வை மூடினார். குழாயைச் சுருட்டி மாட்டினார். அதைச் சரியாக மாட்டவில்லை என்று கழற்றி இன்னொரு முறை மாட்டினார்.

"பெட்டி வேற வாங்கிட்டேன்."

"அதுல நான் படுத்துக்கறேன்பா" என்றேன்.

அடுத்த தெருவில் நானும் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றேன், அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க. அந்தத் தெரு மளிகைக் கடைக்காரர் உரத்த குரலில் ஆரம்பித்தார். "என்ன, பொண்ணு கண்ணாடி காலேஜுக்குக் கிளம்பியாச்சா?"

அப்பா குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றினார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அவனுங்க கூப்பிட்டானுங்கய்யா. எம் பொண்ணு நாலு கேள்வி கேட்டா, பதில் வரல. வேணாம்னுட்டா."

வீட்டுக்குப் போனதும் மின்விசிறிக்கு நேர் கீழே நகர்த்தி வைத்திருந்த என் பாயைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தேன். போன வாரம்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தேன், அவள் போய்விடுவாள் என்று. அக்கா அப்போதும் உட்காரவில்லை. டிப்போவுக்கு எந்த பஸ் முதலில் வரும் என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், காதோரத்தில் களிமண்ணோடு.

களிமண் இருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.