ஓடு கட்டாத கோடை

தொட்டிக்குள் சிப்பிகள் ஒன்றோடொன்று உரசின. இரண்டு கைகள் முழங்கை வரை தண்ணீரில் மூழ்கி, அடியில் கிடந்ததை அள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தன. விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. ஐந்தாம் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, ஆறாவதை ஊற்றி, சிறிது பொறுத்து, ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள் பிபிசாரா. கரிக்கவில்லை. சிப்பிகளை வாரிச் சாக்கின்மேல் பரப்பினாள்.

அல்லம்பெர்கென் என்பவனின் முட்டைப் பண்ணையில் தீவனம் கலப்பது அவள் வேலை. எண்ணூறு கோழிகள். சோளம், கோதுமை, சூரியகாந்திப் பிண்ணாக்கு எல்லாம் குங்கிராட் நகரத்திலிருந்து வரும். சுண்ணாம்புச் சத்துக்கு மட்டும் வெளியே போக வேண்டியதில்லை. கடல் வற்றிப்போன இடத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் சிப்பிதான். அதில் ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவிவிட்டால் போதும். பாதியை மாவாக இடித்துத் தீவனத்தில் கலப்பாள். மீதியைப் பருக்கையாக உடைத்து மாலையில் தனியாகப் போடுவாள். முட்டைக்கு ஓடு கட்டுவது இரவில். அந்த நேரத்துக்கு இரைப்பையில் சுண்ணாம்பு கிடக்க வேண்டும்.

இதெல்லாம் அவளுக்கு எவரும் பாடம் எடுத்ததில்லை. இளம் வயதில் அரசுக் கோழிப் பண்ணையின் தீவனக் கிடங்கில் கூட்டிப் பெருக்கப் போனாள். பெருக்கிக்கொண்டே தராசைக் கவனித்தாள். பண்ணையை மூடிய வருடம், சுவரில் ஒட்டியிருந்த அளவு அட்டையைக் கிழித்து எடுத்து வந்தாள். உப்பு கிலோவுக்கு மூன்று கிராம். கோடையில் கோழி வாய் பிளந்து இரைக்கும்போது சமையல் சோடா ஒரு கிராம். கணவன் செத்த வாரத்தில்கூட அந்த அளவுகள் பிசகவில்லை.

அப்படியிருந்தும் இந்தக் கோடையில் முட்டைகளுக்கு ஓடு கட்டவில்லை. வைகாசியில் நூற்றுக்குப் பத்து உடைந்தது. ஆனியில் முப்பது. சில முட்டைகள் தோல் பையாகவே விழுந்தன. குங்கிராட் சாலையின் குழிகளில் வண்டி இறங்கி ஏறினால் முட்டை அட்டைகளுக்குள் எல்லாம் மஞ்சள் குழம்பாகிவிடும்.

"அக்கா, முலாம்பழம் சந்தைக்கு வர்ற வரைக்கும் பாப்பேன்," என்றான் அல்லம்பெர்கென். "அதுக்குள்ள ஓடு கெட்டியாகலன்னா மொத்தக் கோழியையும் கறிக்குத் தள்ளிடுவேன். எனக்கு வேற வழி தெரியல."

"என் கலவையில ஒரு குத்தமும் இல்ல தம்பி."

"நான் சொன்னேனா?"

"சொல்லல. நெனைக்கிற."

மறுநாளே சோடாவைக் கொஞ்சம் கூட்டினாள். பருக்கைச் சிப்பியை ஒரு பிடி அதிகமாகப் போட்டாள். கொட்டகைக் கூரையில் நாணல் பரப்பி நனைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அளவு சரி, தராசு சரி, சோளத்தில் பூஞ்சை இல்லை. மிஞ்சியது சிப்பிதான். சிப்பி கொண்டுவருபவன் தோலிபாய்.

தோலிபாய் அவள் கணவனுக்குச் சித்தப்பா மகன். கொழுந்தன் அண்ணியைக் கிண்டல் செய்யாவிட்டால்தான் அந்த ஊரில் சண்டை என்று அர்த்தம். முப்பது வருடமாக அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. அன்றும் லாரியிலிருந்து குதிக்கும்போதே தொடங்கினான்.

"என்ன அண்ணி, கோழிங்களுக்கு மாமியார் கொடுமையா? முட்டைக்கு ஒரு சட்டை தெச்சுப்போட மாட்டேங்குதாமே."

அவள் சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எங்க அள்ளினது?"

"வழக்கமான எடத்துலதான்."

"பொய். பக்கத்துலயே உப்பு மேட்டுல வாரிக்கிட்டு வர்ற. டீசல மிச்சம் பிடிக்கிற. எண்ணூறு உசுரு சாகப்போகுது உன்னால."

அல்லம்பெர்கெனும் முட்டை அடுக்கும் பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தோலிபாய் தொப்பியைக் கழற்றி, தூசியைத் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டான்.

"சரிங்க. நாளைக்குத் தள்ளிப் போய்க் கொண்டாறேன்," என்றான்.

அவளை அவன் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனான். திரும்பும் வழியில் அச்சு முறிந்து, வெயிலில் ஒன்றரை நாள் காத்துக் கிடந்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தான். அவன் கொண்டுவந்த சிப்பி பால் மாதிரி வெளுத்திருந்தது. அதையும் ஆறு முறை தண்ணீர் மாற்றி அலசி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். பத்து நாள் போயிற்று. முட்டை ஓடுகள் முன்னைவிட மெலிந்தன.

அந்த வாரம் அவள் மகள் அய்சுலு வந்தாள். அல்மாத்தி நகரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை. இரண்டு வருடத்துக்குப் பிறகு பத்து நாள் விடுப்பு. பிபிசாரா சோள மாவு உருண்டை அவித்து, பால் டீ போட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். பெண் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா, டீயில உப்பு போட்டிருக்க?"

"டீயில எவடி உப்பு போடுவா? ரெண்டு வருஷத்துல பட்டணத்துக்காரி ஆயிட்டியா?"

"நெசமாத்தான். குடிக்க முடியலம்மா."

பிபிசாரா அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். எப்போதும் குடிக்கும் டீதான். பானையிலிருந்து வெறும் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். பெண் ஒரு மிடறு எடுத்து வாசலில் துப்பினாள்.

"இதத்தான் குடிக்கிறியா தெனமும்?"

"எல்லாரும்தான் குடிக்கிறோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு வாய்க்கால் கடைமடைக்கு வருவதை நிறுத்தியபோது ஊரே அடிபம்புக்கு மாறியது. பண்ணையிலும் ஆழ்குழாய் போட்டார்கள். முதலில் லேசாகக் கரித்தது. பிறகு கரிக்கவில்லை. தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். பண்ணைக் குழாயில் ஒரு லிட்டர் பிடித்து, அலுமினியச் சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினாள். கடைசிச் சொட்டும் போனபின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு நின்றது. கத்தியால் சுரண்டித் தராசில் வைத்தாள். மூன்று கிராம். சுரண்டியதில் ஏதாவது பிசகு இருக்கும் என்று இன்னொரு லிட்டர் காய்ச்சினாள். மூன்று கிராமுக்குச் சற்று மேல். இந்த இரண்டு வருடத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

வெயில் காலத்தில் ஒரு கோழி முந்நூறு மில்லிக்கு மேல் குடிக்கும். அதன் வழியாகவே ஒரு கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாள் முழுதும் தின்னும் நூறு கிராம் தீவனத்தில் அவள் நிறுத்துப் போட்ட உப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிப்பி அலசியதும் அதே தண்ணீரில். அலசியது சரியா என்று சொன்ன நாக்கும் அதே தண்ணீரில் ஊறியதுதான்.

அல்லம்பெர்கெனிடம் போய், சட்டியையும் பொருக்கையும் முன்னால் வைத்தாள்.

"குத்தம் என்னோடதுதான் தம்பி. எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தேன். தண்ணிய மட்டும் வாயில வெச்சுப் பாத்தேன்."

அவன் பொருக்கை விரலால் தொட்டான். நாக்கில் வைக்கவில்லை.

"அப்ப நாம குடிக்கிறது?"

அவள் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆற்றுத் தண்ணீர் லாரியில் வந்தது. கொட்டகைத் தொட்டிகளைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினார்கள். மூன்று வாரத்தில் பாதிக் கோழிகளுக்கு ஓடு கட்டத் தொடங்கியது. மீதி தேறவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து வெகுநாளான வயசுக் கோழிகளுக்கு, தண்ணீரை மாற்றினாலும் ஓடு திரும்புவதில்லை. ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூண்டு கூண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு கோழிகள் கறிக்குப் போயின.

தோலிபாயிடமும் போனாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன.

"சிப்பியில ஒண்ணுமில்ல தோலிபாய். நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

"கேள்விப்பட்டேங்க," என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "விடுங்க."

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். திருகாணி முடுக்கும் சத்தம்தான் கேட்டது.

பிழைத்த நானூற்றுச் சொச்சமும் போதும், இதை வைத்துப் பண்ணையை நிமிர்த்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சந்தைக்கு முலாம்பழம் வந்துவிட்டது; முட்டையும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் தண்ணீர் லாரி வரும் நாட்களில் பண்ணை வாசலில் குடங்கள் சேர ஆரம்பித்தன. முதலில் இரண்டு பேர், பிறகு தெருவே. எவரும் கேட்கவில்லை. கோழிக்கு ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னால முடியலக்கா," என்றான் அல்லம்பெர்கென். "நேத்து நம்ம தெரு பெருதாஷ் பொண்டாட்டி கைக்குழந்தையோட நிக்கிறா. நான் அவ முன்னாடி கோழிக்குத் தண்ணி காட்டறேன். ராத்திரி பூரா தூங்கல."

"ஊருக்கும் சேத்து லாரி வராதா?"

"கேட்டாச்சு. வராது. கோழிய கோஜெய்லியில இருக்கிற மச்சான்கிட்ட அனுப்பிடறேன். ஆத்துக்குப் பக்கம். இங்க கொட்டகைய மூடிடலாம்."

"என்னையும் கேட்டானா உன் மச்சான்?"

"கேட்டான். போறீங்களா?"

அய்சுலுவும் கிளம்பும்போது அல்மாத்திக்கு வரச் சொல்லிக் கெஞ்சிவிட்டுத்தான் போயிருந்தாள். பிபிசாரா கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி. கலவைய மட்டும் செஞ்சு தர்றேன். புது எடம், புதுத் தண்ணி. முதல் பத்து நாள் பழகின தீவனம் இருந்தா மெரளாது."

இரண்டு நாள் கலந்தாள். சிப்பியை ஆற்றுத் தண்ணீரிலேயே அலசினாள். லாரித் தொட்டியின் அடியில் மிஞ்சியதை அதற்கென்று பிடித்து வைத்திருந்தாள். கடைசி அலசலைச் சட்டியில் காய்ச்சிப் பொருக்கை நிறுத்தாள். புதுத் தண்ணீரில் எவ்வளவு உப்பிருக்குமோ என்று, உப்பை முழு அளவு போடாமல் கிலோவுக்கு இரண்டு கிராமாகக் குறைத்து, அந்தக் குறைவுக்குச் சோடாவைக் கூட்டினாள். பருக்கைச் சிப்பியைத் தனிச் சாக்கில் கட்டினாள். எல்லா மூட்டைகளின் வாயையும் சணலால் இறுக்கித் தைத்தாள்.

காலையில் கூண்டுகளை ஏற்றி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. தோலிபாய் லாரியின் பின்பலகையில் நின்று மூட்டைகளை வாங்கி அடுக்கினான். கடைசியாகச் சிப்பிச் சாக்கை அவள் தோளோடு தூக்கி மேலே நீட்டினாள்.

"இதக் காலையில போட வேணாம்னு சொல்லு. சாயங்காலம் மட்டும், ஒரு கோழிக்கு நாலு கிராம். தண்ணி ஆத்துத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சி நிறுத்துப் பாக்கச் சொல்லு."

"சொல்றேங்க," என்று குனிந்து, சாக்கின் இரண்டு காதுகளையும் பிடித்து வாங்கிக்கொண்டான் தோலிபாய்.