மேல் பலகைக்காக வைத்த குறி

ஹில்க்கா மர ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. இப்படிச் செய், அப்படிச் செய் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவளுடைய அடுக்குமாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சவுனா, சுடுகல் ஆவியில் உட்கார்ந்து வேர்க்கும் அறை, உண்டு; வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அதில் பெண்களின் முறை. படிபோல் அமைந்த பலகைகளில், சூடு அதிகமான மேல் பலகையில் சுவரோரம் அவளுடைய இடம். சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான்.

அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வீர்வே ஒளிக்காமல் சொன்னார்: "மலக்குடல்ல புத்துக்கட்டி. வெட்டி எடுத்துட்டு, குடலை வயித்து வழியா வெளிய கொண்டு வரணும். மலம் சேர அதுக்கு மேல ஒரு பை ஒட்டிக்கணும். கடைசி வரைக்கும்."

"சவுனாவுக்குப் போலாமா, கூடாதா? அத முதல்ல சொல்லுங்க."

வீர்வேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புண்ணு ஆறட்டும். தாராளமா போங்க."

கீழ்வீட்டு சிர்க்காவுக்கு விஷயம் எட்டியது. மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டாள்.

"பையோடவா வருவ? நாங்க எல்லாம் அங்க அம்மணமா உக்காந்திருக்கோம்டி! பிச்சுக்கிட்டு விழுந்தா? பேசாம எல்லாரும் போனப்புறம் வா."

"உனக்கு வேணும்னா நீ சீக்கிரம் போய்க்கோ," என்றாள் ஹில்க்கா.

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம் இருந்தது. ஒரே ஒரு முறை அந்தப் பை கழன்றாலும் போதும், அதற்கப்புறம் அந்தப் பலகையில் ஏற முடியாது.

அறுவைக்கு முந்தைய நாள் செவிலி துய்யா பேனாவோடு வந்தாள். நிற்கச் சொன்னாள், நாற்காலியில் உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள். தொப்புளுக்கு இடப்பக்கம் கீழே ஒரு வட்டம் போட்டாள்.

"இங்கதான் பை வரும்."

"நான் நாற்காலியிலயா வேர்க்கப் போறேன்?"

ஹில்க்கா உயரமான கட்டிலில் ஏறினாள். கால்களை நாற்காலி மேல் வைத்தாள். முழங்கையை முழங்காலில் ஊன்றி, முதுகை வளைத்து, தலையைத் தொங்கப் போட்டாள். மேல் பலகையில் எல்லோரும் உட்காரும் விதம் அதுதான்.

"இப்பப் பாரு."

வட்டத்தைக் காணோம். வயிற்று மடிப்பு விழுங்கிவிட்டது. அந்த மடிப்பில் பை ஒட்டாது. ஆவியும் வேர்வையும் பட்டால் கழன்றே விடும்.

துய்யா தலையில் கை வைத்தாள். "இருபது வருஷமா குறி போடறேன். நானும் வாராவாரம் சவுனா போறவதான். ஒருத்தரக் கூட இப்படி உக்கார வெச்சுப் பாக்கத் தோணல, பாரேன்!"

அழித்துவிட்டு நான்கு விரல் மேலே போட்டாள். ஹில்க்கா கரண்டியால் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையை நீட்டினாள். வட்டம் அப்படியே நின்றது.

மறுநாள் காலை வீர்வே பார்த்தார். "ரொம்ப மேல இருக்கே. பெல்ட் உரசுமே?"

"பெல்ட்ட நான் இறக்கிக்கறேன். குறிய இறக்காதீங்க."

வீர்வே இறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, ஹில்க்கா பையோடு மேல் பலகை ஏறினாள். சுவரோரம் சிர்க்கா உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளு."

சிர்க்காவின் கண் பை மேலேயே இருந்தது. "விழாதுல்ல?"

"விழுந்தா உன் மேலதான்."

முதல் கரண்டி ஊற்றினாள். பிறகு இரண்டு, மூன்று. ஆவி சீறிக்கொண்டு இறங்கியது. சிர்க்கா காதைப் பொத்திக்கொண்டு கீழ்ப் பலகைக்குத் தாவினாள்.

"போதும்டி பாவி! வெந்துடுவோம்!"

ஹில்க்கா சுவரோரம் நகர்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தாள். பையின் ஓரத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். எங்கும் பிரியவில்லை.

நான்காவது கரண்டியை மொண்டாள்.